ஃபோர்டு மூடிய பிறகு பழைய ஷிஃப்ட் ஆட்களை எப்படி ஒன்று சேர்ப்பது?

கேள்வி இது: "என் அப்பா மறைமலை நகர் ஃபோர்டில் டிரிம் லைனில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். 2022இல் கம்பெனி மூடியதும் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறார், வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பழைய ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முகமே மாறிவிடுகிறது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இப்போது குட்மார்னிங் படமும் இரங்கல் செய்தியும்தான் வருகின்றன. 2027இல் ஐந்து வருடம் ஆகிறது. எல்லோரையும் ஒருமுறை கூட்ட வேண்டும், அவர்களைப் பற்றி ஏதாவது பதிந்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?"

நான் ஃபோர்டில் வேலை பார்த்தவன் இல்லை. அந்தப் பகுதியில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பல வருடம் இருந்தேன். பார்ட் சரியாக உட்காரவில்லை என்று கூப்பிட்டால் கார் கம்பெனிகளின் லைனுக்கே போய் நிற்க வேண்டிய வேலை. மூடிய கம்பெனிகளின் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதும், அவர்கள் பீரோவில் வைத்திருக்கும் துண்டறிக்கைகளையும் போட்டோக்களையும் பிரதி எடுத்து வைப்பதும் அதற்கு அப்புறம் வந்த பழக்கம்.

"வருமானத்துக்குக் குறைவில்லை, ஆனாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "ஆனாலும்" எதனால் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் கூடுகையை எப்படி நடத்துவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

டிரிம் லைன் என்பது பெயிண்ட் முடிந்த பாடிக்குள் வயரிங், பீடிங் போன்றவற்றைப் பொருத்தும் வரிசை. அங்கே வண்டி நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான ஸ்டேஷன்களில், அதாவது லைனில் ஆள் நின்று வேலை செய்யும் இடங்களில், இரண்டு பேர், இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். எல்ஹெச், ஆர்ஹெச் என்பார்கள். நடுவில் பெயிண்ட் ஷாப்பிலிருந்து வந்த வெறும் பாடி. சீட்டும் கண்ணாடியும் மாட்டாத அந்தக் கூட்டுக்குள்ளே எதிராளியின் கை தெரியும், தோள் தெரியும், எப்போதாவது முகம் தெரியும். ஒரு கிளிப் பிரச்சினைக்காக ஒரு ஷிஃப்ட் முழுக்க அப்படி ஒரு ஸ்டேஷன் ஓரத்தில் நின்றிருக்கிறேன். இடது பக்கம் இருந்த அண்ணனுக்கு முழங்கால் வலி. அவர் யாரிடமும் சொல்லவில்லை, வலது பக்கத்துத் தம்பிக்கு மட்டும் தெரிந்திருந்தது. குனிந்து போட வேண்டிய போல்ட் வரும்போதெல்லாம் தம்பி தன் பக்கத்து வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு, உள்ளே கையை நீட்டி அந்த போல்ட்டையும் பிடித்து முடுக்கிவிடுவான். அண்ணன் அந்த நேரத்தில் அடுத்த வண்டிக்கான வயரிங்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். சத்தத்தில் பேசவும் முடியாது.

இந்த மாதிரி ஓர் உறவை உங்கள் அப்பா இருபது வருடம் அனுபவித்திருக்கிறார். வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும், நல்ல மனிதர்களும் கிடைப்பார்கள். தன் முழங்கால் எப்போது வலிக்கும் என்று தெரிந்த எதிர்ப்பக்கத்து ஆள் கிடைக்க இன்னொரு இருபது வருடம் வேண்டும். ஐம்பதை நெருங்குகிற ஒருவரிடம் அது இல்லை.

வாட்ஸ்அப் குழு ஓய்ந்துபோனதற்கும் இதுதான் காரணம். அவர்களுக்குள் பாசம் வற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரே வேலையில் கை வைத்து உண்டான நட்பு அது. கையில் வேலை இல்லாமல் வெறுமே "எப்படி இருக்கீங்க" என்று எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? கூடுகை என்று மண்டபம் பிடித்து, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, பிரியாணி போட்டு அனுப்பினால் அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும், மறுநாள் குழுவில் இருநூறு போட்டோ விழும், பிறகு மறுபடியும் குட்மார்னிங் படம்தான். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அவர்களைக் கூட்டும்போது கைக்கு ஒரு வேலை கொடுத்துக் கூட்டுங்கள்.

அதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் கதையை நீங்கள் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அப்பாவின் ஆபீஸ், அவ்வளவுதான். 1995இல் மகிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டு என்று தொடங்கியது. 1998இல் ஃபோர்டு பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. 1999இல் ஐகான் கார் வந்தது. அப்போது ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த கையோடு சேர்ந்த பையன்கள்தான் கடைசி வரைக்கும் லைனின் முதுகெலும்பு. 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட். ஈகோஸ்போர்ட்டுக்குப் பின்னால் அந்த ஆலை வேறு நாடுகளுக்கும் கார் செய்யும் ஆலையாகவே மாறிவிட்டது. ஃபோர்டின் சொந்த நாடான அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்தது. ஆலைக்கு வருடத்துக்கு 2 லட்சம் காரும் 3.4 லட்சம் இன்ஜினும் செய்யும் கொள்ளளவு இருந்தது. அவ்வளவையும் ஓட்டுவதற்கு விற்பனை ஒருபோதும் வரவில்லை என்பதுதான் வினை.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். குஜராத்தின் சனந்த் ஆலையையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 ஊழியர்கள். மறைமலை நகரில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள். சனந்த் ஆலையை டாடா வாங்கியது, அங்கிருந்தவர்களுக்கு வேலை தொடர வழி பிறந்தது. மறைமலை நகரை அப்போது யாரும் வாங்கவில்லை. உங்கள் அப்பா அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது கேட்டார் என்று கேட்டுப் பாருங்கள். நான் பேசிய எல்லோரும் இடத்தோடு, ஆளோடு சொன்னார்கள்.

அப்புறம் 2022 மே 30. நஷ்டஈடு போதாது என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். நிர்வாகம் சொன்னது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் 115 நாள் சம்பளம். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 15 நாள்தான் என்பதால் வெளியில் இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரிந்தது. நாற்பது வயதில், வீட்டுக் கடனோடு, அதே சம்பளத்துக்கு இன்னொரு வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒருவருக்கு அது வேறு கணக்கு. ஜூன் நடுவில் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் மாலையோடு லைனை விட்டு இறங்கியது. பேச்சுவார்த்தை அதற்குப் பின்னும் பல வாரம் இழுத்து, சராசரியாக 130 நாளும் அதோடு ஒரு மொத்தத் தொகையும் என்று முடிந்தது.

இதை நான் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூடுகையில் வெடிக்கக்கூடியது இந்த ஜூன் மாதம்தான். முதலில் வேலைக்குத் திரும்பியவர், கடைசி வரைக்கும் போராட்டத்தில் நின்றவர், யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் என்று அந்த நாட்களின் கணக்கு இன்னும் சிலர் மனதில் தீராமல் இருக்கிறது. ஒரே ஸ்டேஷனில் எதிரெதிரே நின்ற இரண்டு பேர் அதற்குப் பின் பேசிக்கொள்ளவே இல்லை என்கிற கதையை ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் கேட்டிருக்கிறேன். ஆகவே இரண்டு யோசனை. மேடை வேண்டாம், மைக் வேண்டாம். மைக்கைக் கையில் கொடுத்தால் யாராவது அந்த ஜூனைத்தான் பேசுவார்கள். இரண்டாவது, பேசாமல் போனவர்களை அழைக்கும் பொறுப்பைச் சங்கத்தில் இருந்தவர்களிடமோ அணி சேர்ந்து நின்றவர்களிடமோ விடாதீர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள் அழைக்கட்டும். "மாமா, நான் இன்னாருடைய பொண்ணு பேசுறேன்" என்று ஒரு குரல் கேட்டால் மறுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

தேதி விஷயத்திலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. எல்லோரும் ஜூலையைத்தான் யோசிப்பார்கள், கடைசி வண்டி இறங்கிய மாதம் என்று. என்னைக் கேட்டால் அது கம்பெனி முடிவு செய்த தேதி. தொழிலாளர்கள் தங்களுடையது என்று வைத்திருந்த நாள் ஆயுதபூஜை. மொத்த ஷாப்பும் கழுவித் துடைத்து, வெல்டிங் கன்னுக்கும் டார்க் ரெஞ்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையும் சுண்டலும் பொட்டலம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, அன்றைக்கு மட்டும் மேனேஜரும் லைன் ஆளும் ஒரே வரிசையில் நின்று விபூதி வாங்குவார்கள். வெளிநாட்டுக் கம்பெனியானாலும் நம் பக்கத்து ஆலைகளில் இதற்கு மாற்றம் கிடையாது. இப்போது ஆளுக்கொரு கம்பெனியில் இருப்பார்கள், அங்கங்கே பூஜை இருக்கும். அதனால் ஆயுதபூஜைக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: சேஃப்டி ஷூ, பழைய யூனிஃபார்ம், ஐடி கார்டு, சர்வீஸ் அவார்டு, எது மிச்சம் இருக்கிறதோ அது. எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பூஜை போடட்டும். முதல் வேலை அது.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். இங்கிலாந்தில் பர்மிங்காம் ஓரத்தில் லாங்பிரிட்ஜ் என்று ஓர் இடம். 1905இலிருந்து அங்கே கார் செய்தார்கள், மினி கார் அங்கே செய்ததுதான். 2005 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய எம்ஜி ரோவர் கம்பெனி திவாலாகி ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலை போனது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது, ஆனால் பலருக்கு முன்பைவிடக் குறைந்த சம்பளம்தான் என்பது அதில் தெரிந்தது. நம் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. மூடிய மறு வருடமே, ஆலைக்குப் பக்கத்திலுள்ள காஃப்டன் பார்க்கில், அங்கே செய்த பழைய கார்களை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தத் தொடங்கினார்கள். 'பிரைட் ஆஃப் லாங்பிரிட்ஜ்' என்ற பெயரில் அது வருடந்தோறும் நடக்கும் விழாவாகிவிட்டது. கார் வைத்திருப்பவன் காரோடு வருகிறான், செய்தவன் அதன் பானெட்டைத் திறந்து பார்க்கிறான். பேச்சு அங்கே தானாக நடக்கிறது.

இது உங்களாலும் முடியும். ஐகான், ஃபியஸ்டா, எண்டெவர், ஈகோஸ்போர்ட் எல்லாம் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபோர்டு இந்தியாவின் சேசிஸ் எண் எம்.ஏ.ஜே. என்றுதான் தொடங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், எல்லா ஃபோர்டும் மறைமலை நகரில் செய்தது இல்லை. பழைய ஃபிகோ மறைமலை நகர் வண்டி. 2015இல் வந்த புது ஃபிகோவும் ஆஸ்பயரும் சனந்தில் செய்தவை. இதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கு உங்கள் மாமாக்களே உங்களைத் திருத்துவார்கள். பத்து வண்டி வந்தால் போதும். கதவைத் திறந்து, "இந்த ரப்பர் பீடிங் நான் போட்டது" என்று ஒருவர் கையை வைப்பார், அதற்கு அப்புறம் நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. தன் கை பட்ட வண்டியை வெளியே நிறுத்தி நிதானமாகத் தடவிப் பார்க்கும் வாய்ப்பு லைன் ஆட்களில் பலருக்குக் கிடைத்ததே இல்லை.

அப்புறம் இதுதான் முக்கியமான வேலை. சார்ட் பேப்பரை நீளமாக ஒட்டி, தரையில் லைன் வரைபடம் ஒன்று விரியுங்கள். பாடி ஷாப், பெயிண்ட், டிரிம், சேசிஸ், ஃபைனல், இன்ஜின் பிளாண்ட் என்று தனித்தனியாக. நீங்கள் வரைய வேண்டாம். தலைப்பை மட்டும் எழுதி, ஸ்கெட்ச் பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஸ்டேஷன் வரிசையை அவர்களே போடுவார்கள், தண்ணீர்க் குடம் எங்கே, டீ டிராலி எங்கே நிற்கும், எந்தத் தூணில் சாமி படம் என்று அவர்களே குறிப்பார்கள். பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் யார் நின்றார்கள் என்று பெயர் எழுதச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்காரவைத்து "உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்" என்று கேட்டால் நாலு வாக்கியம் வரும். தரையில் அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கவைத்தால் கால் தானாகத் தன் இடத்துக்குப் போகும். "எனக்கு முன்னாடி அவன், எனக்குப் பின்னாடி இவன், அந்தப் பக்கம் நம்ம மதுராந்தகத்துக்காரர்" என்று பெயர்கள் வந்து விழும். சாயங்காலத்துக்குள் உங்களிடம் ஒரு முழு ஆலையின் ஆள்பட்டியல் இருக்கும். இறந்துபோனவர்களுக்கும் அதில் ஓர் இடம் இருக்கும், அவர்கள் நின்ற அதே இடம். படத்துக்கு மாலை போடுவதைவிட அது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிதாக இருக்கும்.

பெயர் எழுதும்போது யார் விட்டுப்போகிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நிச்சயம் விட்டுப்போவார்கள். காண்டிராக்ட் ஆட்கள், டிரெய்னிகள், அப்ரண்டிஸ்கள், கேன்டீனில் பரிமாறியவர்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், செக்யூரிட்டி, பஸ் டிரைவர்கள். அப்புறம் என்னைப் போல உதிரிபாகக் கம்பெனியிலிருந்து வந்து நின்றவர்கள். செட்டில்மென்ட் பேச்சு நடந்தபோது இவர்களில் யாருக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை. பலருக்கு அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே வேலை போனது, செய்தித்தாளில் வந்த எண்ணிக்கையிலும் அவர்கள் இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் மெஸ் வைத்திருந்தவர்கள், பேச்சிலர் பையன்களுக்கு ரூம் விட்டவர்கள், நைட் ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்துக் கடை திறந்த டீக்கடைக்காரர்கள் என்று அந்த வட்டம் இன்னும் விரியும். நினைவைச் சேர்க்கிறோம் என்று இறங்கிவிட்டு நிரந்தரத் தொழிலாளர்களை மட்டும் சேர்த்தால், கம்பெனி போட்ட கோட்டையே நாமும் போட்டதாகிவிடும். உங்கள் அப்பாவின் தலைமுறை ஆட்களுக்கு அந்தக் கேன்டீன் மாஸ்டரின் பெயர் கட்டாயம் நினைவிருக்கும். கேளுங்கள்.

இதே மாதிரி வீட்டில் இருந்தவர்களையும் மறந்துவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும் என்று பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டவர்கள், ஷிஃப்ட் மாறும் வாரத்துக்கு ஏற்றபடி சமையல் நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள், 2022 ஜூனில் கணவன் ஆலைக்குள் உட்கார்ந்திருந்தபோது இங்கே வீட்டுக் கடன் தவணைக்கு வழி தேடியவர்கள். உங்கள் அம்மாவிடம் ஒலிப்பதிவு எடுத்தீர்களா? அப்பாவிடம் எடுப்பதற்கு முன் அவரிடம் எடுங்கள் என்பேன்.

ஒலிப்பதிவு எடுக்கும்போது "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடித்துவிடுவார்கள். வேலையைக் கேளுங்கள். உங்கள் ஸ்டேஷனில் வண்டி வந்ததும் முதலில் எந்தக் கை எங்கே போகும்? எந்த மாடல் வரும்போது பயமாக இருக்கும்? புதுப் பையன் வந்தால் எத்தனை நாளில் தனியாக விடுவீர்கள்? லைன் நின்றால் யார் முகத்தைப் பார்ப்பீர்கள்? வேலையைச் சொல்லத் தொடங்கினால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒருவரைத் தனியாக எடுப்பதைவிட எல்ஹெச்சையும் ஆர்ஹெச்சையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்தால் இன்னும் நல்லது. செல்போன் போதும். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

சேர்ந்த காகிதங்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கத்தின் துண்டறிக்கைகள், போனஸ் ஒப்பந்தம், ஊதிய ஒப்பந்தம், குடும்ப நாள் போட்டோக்கள், பஸ் ரூட் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூலத்தை உடையவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நோட்டீஸ், சிறு வெளியீடு போன்றவற்றையும் மதித்துப் பாதுகாத்துவரும் இடம். போய்ப் பேசிப் பாருங்கள். வரைபடத்தையோ ஒலிப்பதிவையோ பொதுவில் வைப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணும் டோக்கன் நம்பரும் வெளியே போக வேண்டாம். இன்னும் பலர் அதே துறையில் வேலை தேடிக்கொண்டோ வேலையில் இருந்துகொண்டோ இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆலை மறுபடி திறக்கிறதாமே என்று கூடுகையில் கண்டிப்பாகப் பேச்சு வரும். 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பப் பயன்படுத்துவோம் என்று ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் கடைசியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள்: 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு 2.35 லட்சம் இன்ஜின், உற்பத்தி 2029இல் தொடக்கம், 600க்கும் மேற்பட்ட வேலை. இந்த ஊருக்கு இது நல்ல செய்தி, எனக்கும் மனநிறைவுதான். ஆனால் 1999இல் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு 2029இல் ஐம்பத்திரண்டு. அப்போது அங்கே போகப்போவது பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்தான். அது இன்ஜின் ஆலை, கார் ஆலை இல்லை, அப்பாவின் டிரிம் லைன் திரும்ப ஓடப்போவதில்லை. "கூப்பிடுவாங்க, காத்திருப்போம்" என்று யாராவது இருக்கிற வேலையை விடுகிற பேச்சுப் பேசினால், நெருங்கியவர்கள் தனியாக அழைத்து இதைச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் கழித்து இன்னொரு ஏமாற்றம் யாருக்கும் வேண்டாம்.

கூடுகை முடிந்த பிறகு குழுவுக்கு என்ன வேலை என்று கேட்டால், ஏராளம் இருக்கிறது. பத்து வருட சேவையைத் தாண்டியவர்களுக்கு 58 வயதில் பிஎஃப் ஓய்வூதியம் உண்டு. பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக் கணக்கோடு சேர்க்காமலும், பெயர், பிறந்த தேதி ஆவணத்துக்கு ஆவணம் மாறியும் இருப்பதால் எத்தனையோ பேர் அலைகிறார்கள். இறந்தவர்களின் மனைவிமாருக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. உங்களைப் போல் படித்த பிள்ளைகள் நாலு பேரும், விஷயம் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு சிங்கப்பெருமாள் கோயிலிலோ மறைமலை நகரிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும். குழு குட்மார்னிங் படத்திலிருந்து மீண்டுவிடும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் நின்றுபோனது. அங்கே ஆலையைச் சுற்றியே தொழிலாளர் குடியிருப்பு. ரயில் நிலையத்துக்கே ஹிந்த் மோட்டார் என்றுதான் பெயர். வேலை போன பிறகும் பக்கத்து வீட்டுக்காரராகவாவது ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. ஃபோர்டு ஆட்களுக்கு அப்படி ஒரு காலனி இல்லை. தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். கம்பெனி பஸ்தான் அவர்களுக்குத் தெரு. யார் முன் சீட்டு, யார் ஏறியதும் தூங்குவார், யாருக்காக டிரைவர் இரண்டு நிமிடம் சேர்த்து நிற்பார், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எந்தச் சீட்டிலிருந்து கைமாறி வந்தது என்பதெல்லாம் அந்த பஸ்ஸுக்குள் நடந்தது. அதில் ஷாப் பேதம் இல்லை, பாடி ஷாப்காரரும் இன்ஜின் பிளாண்ட்காரரும் ஒன்றாக வந்தார்கள். 2022 ஜூனில் இந்தப் பக்கம் நின்றவரும் அந்தப் பக்கம் நின்றவரும் அதற்கு முன்னால் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்தான்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவருடைய பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நின்றது, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறினார்கள் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். முப்பது நாற்பது பெயர் வரும். அதில் பாதிப் பேரின் எண் அவரிடம் இருக்காது. இருக்கிற பாதிப் பேரிடம் அதே கேள்வியை அவரவர் பஸ்ஸுக்குக் கேட்கச் சொல்லுங்கள். 2027 ஆயுதபூஜைக்கு நிறைய நாள் இருக்கிறது. நோட்டு பத்து பஸ்ஸைத் தொட்டதும் மண்டபத்தைப் பற்றிப் பேசலாம். டிரைவரின் பெயரை முதல் வரியில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.